ஒரு கடலும் அதன் பல பெயர்களும்

திருக்குர்ஆன் விரிவுரை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் பெயரை நாம் கேட்கிறோம். அரபுக் கல்லூரிகளில் பலாகத் எனும் அணியியலைப் பயில்வோர் அப்துல் காஹிர் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்களை அறிவர். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்களின் பெயரையோ தமிழ் முஸ்லிம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் சொல்வர். இம்மூன்று பெயர்களின் இறுதியில் நிற்பவை ஊர் அடைமொழிகள். தபரிஸ்தானைச் சேர்ந்தவர் தபரீ; ஜுர்ஜானைச் சேர்ந்தவர் ஜுர்ஜானீ; ஜீலானைச் சேர்ந்தவர் ஜீலானீ.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இம்மூன்று நிலப்பகுதிகளும் ஒரே கடலின் தென்கரையை ஒட்டி அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காணலாம். மேற்கே ஜீலான், நடுவே தபரிஸ்தான், கிழக்கே ஜுர்ஜான். மூன்றும் இன்று ஈரானின் வடபகுதியில் உள்ளன. அக்கடலுக்கும் ஒரு காலத்தில் தபரிஸ்தான் கடல் என்றும், ஜுர்ஜான் கடல் என்றும், ஜீலான் கடல் என்றும் பெயர்கள் வழங்கின. இன்று காஸ்பியன் கடல் எனப்படும் நீர்ப்பரப்பே அது.

ஈரான், அஸர்பைஜான், ரஷ்யா, கஸகஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகள் இக்கடலைச் சூழ்ந்துள்ளன. வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமும், ஏறத்தாழ 3,70,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. உலகப் பெருங்கடல்களோடு இதற்கு இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை. இதன் நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்தைவிட 28 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது. இதன் நீர் உப்பு நீரே. ஆயினும் பெருங்கடல் நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இதில் உள்ளது.

இக்கடலுக்கு மனிதர்கள் பெயரிட்ட வரலாறும், இதன் வடிவத்தை அறிந்துகொண்ட வரலாறும் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை. பெயர் சூட்டுவதற்கு ஒரு கரையில் நின்றாலே போதுமானதாக இருந்தது. வடிவத்தை அறிவதற்கோ எல்லாக் கரைகளிலும் உள்ளவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது.

கரைக்கொரு பெயர்

பண்டைய கிரேக்கர்கள் இதனை ஹிர்கானியக் கடல் என்று அழைத்தனர். ஹிர்கானியா என்பது பழைய பாரசீகப் பெயர் ஒன்றின் கிரேக்க வடிவம். அதே பெயர் பாரசீக மொழியில் குர்கான் என்று திரிந்து, அரபியில் ஜுர்ஜான் ஆயிற்று. கிரேக்கர் சொன்ன ஹிர்கானியக் கடலும் அரபியர் சொன்ன ஜுர்ஜான் கடலும் இவ்வாறு ஒரே சொல்லின் இரு உருவங்களே.

காஸ்பியன் என்னும் பெயர், தென்மேற்குக் கரைப்பகுதியில் வாழ்ந்த காஸ்பி எனும் பழங்குடியினரிடமிருந்து வந்தது. அம்மக்கள் வரலாற்றிலிருந்து மறைந்து பன்னெடுங்காலம் ஆகிறது. பழைய ரஷ்ய நூல்களில் இது குவாலின் கடல் எனப்பட்டது. குவாரிஸ்ம் நாட்டவரைக் குறித்த சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அரபு நூல்களில் மேலே கூறிய பெயர்களோடு, துறைமுகத்தின் பெயரால் அபஸ்கூன் கடல் என்பதும், இன்றைய தெர்பெந்த் நகரான பாபுல் அப்வாபின் பெயரால் பாபுல் அப்வாப் கடல் என்பதும் காணப்படுகின்றன. இன்றைய அரபியில் பஹ்ரு கஸ்வீன் என்று வழங்குகின்றனர். கஸ்வீன் நகரமோ கடற்கரையில் இல்லை. எல்புர்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே உள்நாட்டில் இருக்கிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஜுர்ஜானில் கப்பல் ஏறியவன் ஜுர்ஜான் கடல் என்றான். தபரிஸ்தானில் வலை வீசியவன் தபரிஸ்தான் கடல் என்றான். தாம் நின்ற இடத்தின் பெயரையே தமக்கு முன்னே விரிந்த நீருக்கும் சூட்டினர். இதில் பிழை ஒன்றும் இல்லை. நம் கிழக்குக் கரையை அரபு வணிகர்கள் மஅபர், அதாவது கடந்து செல்லும் துறை, என்று அழைத்ததும் அவர்கள் பயணம் செய்த திசையிலிருந்து சூட்டிய பெயரே.

பகைவரின் பெயரைத் தாங்கிய கடல்

முஸ்லிம் புவியியலாளர்களிடையே மிகப் பரவலாக நிலைபெற்ற பெயர் பஹ்ருல் கஸர், அதாவது கஸர் கடல். கஸர்கள் யார் என்பதை அறிந்தால் இப்பெயரின் சிறப்பு விளங்கும்.

கஸர்கள் துருக்கிய இனத்தைச் சேர்ந்தவர்கள். கடலின் வடமேற்கிலும் வோல்கா ஆற்றின் முகத்துவாரத்திலும் ஆட்சி செலுத்தினர். அவர்களுடைய தலைநகர் இதில். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலிருந்தே முஸ்லிம் படைகளுக்கும் அவர்களுக்கும் கடும் போர்கள் நடந்தன. தளபதி அப்துர் ரஹ்மான் இப்னு ரபீஆ அவர்கள் ஹிஜ்ரி 32-ஆம் ஆண்டு வாக்கில் கஸர்களின் பலன்ஜர் நகரருகே கொல்லப்பட்டார். பிற்காலத்தில் கஸர் அரச குடும்பத்தினர் யூத மார்க்கத்தை ஏற்றுக்கொண்டனர்.

இத்தகைய மக்களின் பெயரையே நம் அறிஞர்கள் அக்கடலுக்கு வழங்கினர். தென்கரை முழுவதும் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் விரும்பியிருந்தால் ஒரு கலீஃபாவின் பெயரையோ, வெற்றி பெற்ற தளபதியின் பெயரையோ சூட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. வடகரையில் வாழ்பவர் எவரோ அவர் பெயரால் கடலைக் குறித்தனர். கஸர் தலைநகரில் ஏழு நீதிபதிகள் இருந்தனர் என்றும், முஸ்லிம்களுக்கு இருவர், யூதர்களுக்கு இருவர், கிறிஸ்தவர்களுக்கு இருவர், ஏனையோருக்கு ஒருவர் என அவர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதி வைத்துள்ளார். பகைமை இருந்த இடத்திலும் நிறைவைக் கண்டால் நிறைவென எழுதும் மனம் அவர்களிடம் இருந்தது.

கஸர் அரசு கி.பி. 960-களில் ரூஸ் மக்களின் தாக்குதலால் வீழ்ந்தது. அந்த இனமும் பிற இனங்களோடு கலந்து மறைந்துவிட்டது. ஆனால் ஈரானியர் இன்றும் தர்யாயே கஸர் என்கின்றனர். அஸர்பைஜானியர், துருக்கியர், துர்க்மேனியர் ஆகியோரும் கஸர், ஹஸர் எனும் சொற்களாலேயே இக்கடலை அழைக்கின்றனர். மறைந்த ஒரு சமுதாயத்தின் நினைவை, அதன் எதிரிகளாயிருந்தோரின் மொழிகள் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்து வருகின்றன. மக்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் உணர்த்துகிறது. அறிதலின் முதற்படி பிறரை அவர்களுக்குரிய பெயரால் அழைப்பதே.

வளைகுடாவா, தனிக்கடலா?

இனி வடிவத்துக்கு வருவோம். இக்கடல் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டதா, அல்லது வடபெருங்கடலின் ஒரு வளைகுடாவா என்ற வினா நெடுங்காலம் அறிஞர்களை அலைக்கழித்தது.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இது வேறெந்தக் கடலோடும் சேராத தனிக்கடல் என்று சரியாகவே எழுதினார். துடுப்பு வலித்துச் சென்றால் நீளத்தைக் கடக்கப் பதினைந்து நாளும், அகலத்தைக் கடக்க எட்டு நாளும் ஆகும் என்றும் குறித்தார். ஆனால் அவருக்குப் பின்வந்தோர் அந்த உண்மையைக் கைவிட்டனர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செலூக்கிய அரசின் கடற்படைத் தலைவர் பத்ரோக்ளிஸ் கடலின் தென்பகுதியில் பயணம் செய்தார். இந்தியாவிலிருந்து வெளிப்பெருங்கடல் வழியாக இக்கடலுக்குள் வர முடியும் என்று அவர் கூறியதாகப் பதிவாகியது. அவர் வடகரையைக் கண்டதில்லை. எனினும் எரடோஸ்தனீஸ், ஸ்ட்ராபோ போன்ற பெரும் அறிஞர்கள் அதை நம்பினர். கடல் ஏடுகளில் வளைகுடாவாகிவிட்டது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி, அரபியர் பத்லமியூஸ் என்று அழைக்கும் அறிஞர், மீண்டும் இதனைத் தனிக்கடல் என்று நிறுவினார். ஆயினும் அவர் கணக்கில் கடல் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது. உண்மையில் அது வடக்குத் தெற்காக நீண்டது.

மஸ்ஊதியின் விசாரணை

தாலமியின் நூல் 9-ஆம் நூற்றாண்டில் அரபிக்கு வந்தது. முஸ்லிம் அறிஞர்கள் அதை மதித்தனர். அத்தோடு நேரில் கண்டோரையும் விசாரித்தனர். ஹிஜ்ரி 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இஸ்தக்ரி தம்முடைய நூலில் கஸர் கடலுக்கென்றே தனி வரைபடம் ஒன்றை அமைத்தார். ஒருவர் இக்கடலைச் சுற்றிக் கரையோரமாகவே நடந்தால், இடையில் கலக்கும் ஆறுகளைத் தவிர வேறு தடை எதுவும் இன்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். எளிய மனிதரும் புரிந்துகொள்ளும் வண்ணம் ஒரு கடலின் தன்மையைச் சொல்லும் முறை இது. இப்னு ஹவ்கல் இதே மரபைத் தொடர்ந்தார்.

இவர்களின் சமகாலத்தவரான மஸ்ஊதி பக்தாதில் பிறந்தவர். ஹிஜ்ரி 345-இல் எகிப்தில் மரணமடைந்தவர். இந்தியாவின் மேற்குக் கரைக்கும் வந்து சென்றவர். அவருடைய காலத்தில் கஸர் கடல் கருங்கடலோடு இணைந்துள்ளது என்று சில அரபு நூல்களிலேயே எழுதப்பட்டிருந்தது. மஸ்ஊதி அதை அப்படியே ஏற்கவில்லை. ஜுர்ஜானின் துறைமுகமான அபஸ்கூனிலிருந்து தாமே கப்பலேறித் தபரிஸ்தான் கரைக்குச் சென்றார். வழியெங்கும் விவரமறிந்த வணிகர்களிடமும் கப்பல் உரிமையாளர்களிடமும் விடாமல் கேட்டார். இக்கடலுக்குள் வெளியிலிருந்து வரக் கஸர் ஆறு, அதாவது வோல்கா, தவிர வேறு நீர்வழி இல்லை என்றே அனைவரும் கூறினர்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஒரு நிகழ்ச்சியையும் சான்றாக முன்வைத்தார். ஹிஜ்ரி 300-க்குப் பின் ரூஸ் மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு கப்பல்களில் வந்து ஜீலான், தபரிஸ்தான், பாகூ கரைகளைச் சூறையாடினர். அவர்கள் கருங்கடல் பக்கமிருந்து ஆறு வழியாக வந்து, கஸர் மன்னரிடம் இசைவு பெற்று, வோல்காவில் இறங்கியே இக்கடலை அடைந்தனர். அதற்கு முன் வணிகரையும் மீனவரையும் தவிர எவரையும் கடலில் கண்டறியாத கரையோர மக்கள் திகைத்துப் போயினர். இரு கடல்களையும் இணைக்கும் நீர்வழி ஒன்று இருந்திருந்தால் அந்தக் கொள்ளைக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தியிருப்பர் என்பது மஸ்ஊதியின் வாதம். அக்கதையைத் தாம் விரித்துரைத்ததன் நோக்கமே, இணைப்பு உண்டு என்போரை மறுப்பதுதான் என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார்.

கவனியுங்கள். நூல் எழுதியவர்கள் கற்றவர்கள். மஸ்ஊதி சாட்சியாகக் கொண்டவர்களோ வணிகர்களும் மாலுமிகளும். கடலைப் பற்றிய வினாவில் கடலில் திரிந்தவரின் சொல்லுக்கே அவர் முதலிடம் தந்தார்.

பெருமையும் நேர்மையும்

இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது, அனைத்தையும் முதலில் கண்டுபிடித்தவர்கள் நாமே என்று சொல்லிவிடும் ஆசை நம்மவர்களிடம் எழுவதுண்டு. மேடைகளிலும் அத்தகைய பேச்சு அடிக்கடி கேட்கிறது. இந்த ஒரு கடலின் வரலாறே அந்த ஆசைக்கு வரம்பு கட்டப் போதுமானது. மஸ்ஊதிக்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஹெரோடோட்டஸ் சரியானதை எழுதிவிட்டார். மஸ்ஊதி மறுத்த தவறான கருத்தோ நம்முடைய மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. இஸ்தக்ரியின் மரபில் வந்த வரைபடங்களிலும் கடல் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ தீட்டப்பட்டது. கரையின் வளைவுகளைத் துல்லியமாகக் காட்டுவது அவற்றின் நோக்கமன்று. எந்த ஊருக்குப் பின் எந்த ஊர் என்பதை எளிதாக நினைவில் நிறுத்துவதே நோக்கம். அறிஞர் எவராயினும் அவர் செய்ததை உள்ளவாறு சொல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

ஐரோப்பாவிலும் இதே பாடம் வேறு வகையில் நிகழ்ந்தது. வளைகுடா என்ற பழைய கருத்தைச் செவில் நகரின் இசிதோர் எழுதிவைக்க, அது பல நூற்றாண்டுகள் அங்கே வேதவாக்காக நின்றது. 1253 முதல் 1255 வரை மங்கோலிய அரசவைக்குப் பயணம் செய்த வில்லியம் ரூப்ருக் எனும் கிறிஸ்தவத் துறவி, போகும்போது கடலின் வடபுறத்தையும் திரும்பும்போது மேற்குப்புறத்தையும் கண்டார். தென்புறத்தையும் கிழக்குப்புறத்தையும் அவருக்கு முன் வேறொரு துறவி கண்டிருந்தார். இருவர் கண்டதையும் சேர்த்துவைத்து, இசிதோர் கூறியது உண்மையன்று என்று ரூப்ருக் எழுதினார். மஸ்ஊதியின் நூலை அவர் படித்தவர் அல்லர். ஆயினும் வழிமுறை ஒன்றே.

வரைபடமும் வாளும்

கடலின் உண்மையான வடிவம் ஏட்டில் ஏறியது 18-ஆம் நூற்றாண்டில்தான். ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரின் ஆணைப்படி 1719, 1720 ஆண்டுகளில் கார்ல் வான் வெர்டன், ஃபியோதர் சோய்மோனோவ் முதலான கடற்படை அதிகாரிகள் கரைகளை அளந்தனர். 1720-இல் அச்சான அவ்வரைபடம் மறு ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பப்பட்டது. வடக்குத் தெற்காக நீண்ட கடலை ஐரோப்பிய அறிஞர்கள் அப்போது கண்டு வியந்தனர்.

வரைபடம் அறிவுக்கு மட்டும் பயன்படவில்லை. 1722-இல் பீட்டரின் படை தெர்பெந்தைக் கைப்பற்றியது. 1723-இல் பாகூ வீழ்ந்தது. 1828-இல் ஈரான் மீது சுமத்தப்பட்ட துர்க்மன்சாய் ஒப்பந்தம், இக்கடலில் போர்க்கப்பல் வைத்திருக்கும் உரிமையை ரஷ்யாவுக்கு மட்டுமே உரியதாக்கியது. கடலைச் சுற்றி அளந்தவர்களிடம் அதன் பெரும்பகுதி சென்று சேர்ந்தது.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கரை நாடுகள் ஐந்தாயின. அப்போது பழைய வினா புதிய உருவில் எழுந்தது: இது கடலா, ஏரியா? கேட்பதற்குச் சிறுபிள்ளைகளின் வினாவைப் போல் தோன்றும். ஆனால் கடல் என்றால் சர்வதேசக் கடல் சட்டம் பொருந்தும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் கரையின் அமைப்பை ஒட்டிப் பங்கு அமையும். ஏரி என்றால் வேறு வகையில் பங்கிடலாம். அடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் யாருக்கு எவ்வளவு என்பது அந்த ஒற்றைச் சொல்லைப் பொறுத்திருந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் 2018 ஆகஸ்ட் 12 அன்று கஸகஸ்தானின் அக்தாவ் நகரில் ஐந்து நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கடல் என்றோ ஏரி என்றோ முடிவு கட்டாமல், தனியான சட்டநிலை ஒன்றை அது வகுத்தது. கடலடி நிலத்தின் பங்கீடு அண்டை நாடுகள் தமக்குள் செய்துகொள்ள வேண்டியதாக விடப்பட்டது.

நகரும் கரைகள்

இவ்வளவு முயன்று வரையப்பட்ட கரையும் நிலையாக நிற்பதில்லை. குவாரிஸ்ம் பேரரசர் சுல்தான் அலாவுத்தீன் முஹம்மது, மங்கோலியப் படையிடமிருந்து தப்பியோடி, 1220-இல் அபஸ்கூன் அருகே ஒரு தீவில் ஆதரவற்ற நிலையில் உயிர்நீத்தார். பரந்த நாடுகளை ஆண்டவருக்கு இறுதியில் எஞ்சியது ஒரு சிறு தீவு. அடுத்த நூற்றாண்டில் ஹம்துல்லாஹ் முஸ்தவ்ஃபி எழுதும்போது, ஜைஹூன் ஆறு தடம் மாறி இக்கடலில் கலந்ததால் நீர்மட்டம் உயர்ந்து அபஸ்கூனே மூழ்கிவிட்டது என்று குறித்தார். மஸ்ஊதி கப்பலேறிய துறைமுகம் இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது நிலைமை தலைகீழ். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து நீர்மட்டம் தாழ்ந்து வருகிறது. ஆறுகள் கொண்டுவரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு வோல்காவிலிருந்தே வருகிறது. அந்த ஆற்றில் அணைகள் பெருகியுள்ளன. வெப்பம் கூடுவதால் நீர் ஆவியாதலும் கூடுகிறது. கடலின் வடபகுதி மிக ஆழம் குறைந்தது. சராசரி ஐந்து மீட்டர் அளவே. ஆதலால் மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அங்கே கரை வெகுதூரம் பின்வாங்குகிறது. அருகிலிருந்த ஆரல் கடல், 1960-களிலிருந்து அதன் ஆறுகள் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதால் பெரும்பாலும் வறண்டு போனதை உலகம் கண்டிருக்கிறது. ஐந்து நாடுகள் பெயருக்கும் பங்குக்கும் வழக்காடும் நீர், எவருடைய அனுமதியையும் கேளாமல் விலகிக்கொண்டிருக்கிறது. படைத்தவனின் அமானிதத்தைப் பாதுகாக்காமல் பங்கிட மட்டும் விரைவது மனித இயல்பாகிவிட்டது.

நமக்கான படிப்பினை

உமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதீர்; செவி, பார்வை, இதயம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்னும் கருத்தை அல்இஸ்ரா அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தில் ஓதுகிறோம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளையை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் ஓதுகிறோம். ஓதுவதோடு நிற்காமல் ஒரு கடலின் கரையில் அதைச் செயலாக்கிக் காட்டியவர் மஸ்ஊதி. தம்மவர் எழுதியது என்பதற்காக அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அயலார் கூறியது என்பதற்காக மறுக்கவும் இல்லை. போய்ப் பார்த்தார், கேட்டார், பின்னரே எழுதினார்.

இன்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழுந்த மறுகணமே, பிற சமூகத்தாரைப் பற்றியும் நம்முள்ளேயே வேறு கருத்துடையோரைப் பற்றியும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். நாம் நிற்கும் கரையிலிருந்து தெரிவதையே முழுக்கடல் என்று எண்ணுகிறோம். மறுகரையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவதற்கு மஸ்ஊதிக்குக் கப்பல் தேவைப்பட்டது. நமக்கோ ஓர் அழைப்பு போதும்.

பிள்ளைகளுக்குத் தபரீ, ஜுர்ஜானீ, ஜீலானீ என்ற பெயர்களைச் சொல்லித் தரும் பெற்றோர், வரைபடத்தில் அந்தக் கரைகளையும் தொட்டுக் காட்டலாம். அதே கடலின் வடகரையில் வாழ்ந்த கஸர்களையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம். அறிவை நேர்மையோடு தேடவும், அறிந்ததை அமானிதமாகப் பேணவும், பிறரை நீதியோடு அறிந்துகொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.